மேல்கீழ்க் குழல் துப்பாக்கி விஷயமாக மைத்துனருக்கு

சரண்டி தெல் யி,
ஜூலை 22

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ஒலெகாரியோ சொசா அவர்களுக்கு,

எலாதியோ பெந்தன்கூர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை மிர்த்தாவும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக நலமாக இருக்கிறோம். மொந்தெவிதேயோவில் தங்கள் இடது முழங்காலும், மகள் வீட்டாரும், என் மீதுள்ள கோபமும் எப்படி இருக்கின்றன என்று அறிய விரும்புகிறேன். இந்த மூன்றில் கோபம் மட்டும் சற்று இளைத்திருந்தால் மகிழ்வேன்.

முப்பத்தெட்டு வருஷமாக நீ, வா, போ என்று பேசியவனைத் தாங்கள் என்று எழுதும்போது பேனா நொண்டுகிறது. ஆனாலும் குற்றவாளி மரியாதையாக ஆரம்பிப்பதுதான் முறை என்று ஒரு பத்தி அப்படி எழுதிப் பார்த்தேன். இனி முடியாது. ஒலெகாரியோ, மே ஒன்றாம் தேதி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் நான் எப்படி அந்த நிலைக்கு வந்தேன் என்பது உனக்குப் புரியும், புரிந்தால் கொஞ்சம் இரக்கம் வரும் என்று ஒரு நப்பாசை.

போன வருஷம் நீ முழங்கால் அறுவைக்காக மகள் வீட்டோடு போனபோது உன் நாய் மந்திரியை என்னிடம் விட்டுப் போனாய். கவுதாரி வாசம் பிடித்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்று காட்டுகிற நாய். அதைச் சமையலறையில் கட்டிப்போட்டு ரொட்டித் துண்டு போட்டு வளர்ப்பது பாவம் என்று நீ சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. மிர்த்தா நான் வீட்டில் இருக்கும் நேரத்தையெல்லாம் பெருமூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள். சரி, நாயும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, ஒரு துப்பாக்கி வாங்கினால் ஆயிற்று என்று முடிவு செய்தேன். உன் பழைய பக்கவாட்டு இரட்டைக்குழலை எனக்கே தருவதாக நீ சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறதா? "கிழவனுக்குக் கிழட்டுத் துப்பாக்கியா, நான் கணக்கு வாத்தியார், பார்த்து வாங்கிக்குவேன்" என்றேன். நீ சிரித்தாய். பிறகு அதை உன் மருமகனின் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாய். முதல் வருத்தம் அது. மற்ற வருத்தங்களெல்லாம் அதன் வால்.

பார்த்து வாங்குவது என்றால் எப்படி என்று நோட்டில் கோடு போட்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிக் கழகத்தில் இயந்திரம் வீசுகிற களிமண் தட்டு சுடவேண்டும், வேட்டைப் பருவம் திறந்தால் அதே துப்பாக்கியோடு கவுதாரிக்குப் போகவேண்டும், ஓய்வூதியம் வாங்குகிறவன் கைக்கும் அது அடக்கமாக இருக்கவேண்டும். இந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெர்னபேயின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பெர்னபே அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"வாத்தியாரே, தட்டு சுட கனமான துப்பாக்கி வேணும், தோளை உதைக்காது. கவுதாரிக்கு லேசானது வேணும், நாள் பூரா தூக்கிட்டு நடக்கணும். உங்க பர்ஸுக்கு இது ரெண்டும் இல்லாதது வேணும். அப்படி ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்க, நானும் வாங்கிக்கறேன்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் ஒற்றைக்குழல் ஒன்று சாத்தியிருந்தது. இருந்ததிலேயே மலிவு அதுதான். ஒரு பறவை, ஒரு வெடி, ஒரு குழல். இரண்டாவது குழல் என்பது முதல் குழலின் மீது நம்பிக்கை இல்லாதவனுக்குத்தான் என்று கடையிலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றி அதை வாங்கினேன். பஞ்சு மாதிரி லேசு. அந்த லேசுக்கு என்ன விலை என்பது முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. "தட்டு" என்று குரல் கொடுத்தேன், முப்பத்துநான்கு வருஷம் வகுப்பில் கத்திய குரல், இயந்திரம் மட்டுமல்ல பக்கத்துப் புல்வெளி மாடுகளும் நிமிர்ந்தன. ஆரஞ்சு நிறத் தட்டு பறந்தது, நான் சுட்டேன், தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது, நானும்தான். இருபத்தைந்து தட்டுக்கு இருபத்தைந்து உதை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது தோள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. மிர்த்தா மருந்து தடவிக்கொண்டே, "ஒண்ணாவது உடைஞ்சுதா?" என்றாள். "ஒண்ணு உடைஞ்சுது," என்றேன். அது இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போதே உடைந்து வந்த தட்டு. அதை அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அப்புறம்தான் வெட்கத்தை விட்டு உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு வார்த்தை கூடக் குத்திக்காட்டவில்லை. "எலாதியோ, மேலும் கீழுமா ரெண்டு குழல் இருக்கறதை வாங்கு. பன்னிரண்டு காலிபர், எழுபத்தொரு சென்டிமீட்டர் குழல். முனையில வளையம் மாத்தற மாதிரி இருக்கணும், தட்டுக்கு ஒரு வளையம், கவுதாரிக்கு ஒரு வளையம். துருக்கியிலேருந்து வர்றது போதும், வேலைப்பாடெல்லாம் வேண்டாம். ஆனா கட்டை உன் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தணும். அது முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்" என்றாய். அதைவிட நல்ல யோசனையை இந்த நாட்டில் யாரும் யாருக்கும் இலவசமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை இன்று எழுதுகிறேன். பிப்ரவரியில் அப்படியே ஒன்றை வாங்கினேன். கட்டையைப் பொருத்திப் பார்க்கத் துராஸ்னோவில் ஒரு தச்சரிடம் போகச் சொன்னார் பெர்னபே. கட்டையில் என்ன பொருத்தம், கல்யாணமா செய்யப்போகிறோம் என்று நான் போகவில்லை.

மார்ச், ஏப்ரல் முழுக்க ஞாயிறு தவறாமல் போனேன். தட்டுகளும் தவறாமல் போயின. தட்டின் வேகம், ரவையின் வேகம், இடையே விடவேண்டிய தூரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி இரண்டு தட்டு உடையும். கழகத்துப் பலகையில் என் பெயருக்கு எதிரே இரண்டு என்றே நிரந்தரமாகப் பெயின்டில் எழுதிவிடலாம் என்றாள் சுல்மா. உனக்கு அவளைத் தெரியும், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவள், கழகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வரவர எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. கணக்கு சரி. கை நடுங்கவில்லை. அப்படியானால் தப்பு துப்பாக்கியில். துப்பாக்கியில் தப்பு என்றால் அதை வாங்கச் சொன்னவனில். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கிப் பாதாளத்துக்குப் போகிற தர்க்கத்தை நான் மாணவர்களுக்கு எத்தனையோ முறை சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

மே ஒன்று. பருவம் திறக்கிற நாள். நீ அறுவை செய்த முழங்காலோடு பஸ் ஏறி வந்தாய், கையில் ஒரு தடி மட்டும். பண்ணைக்காரர் லரோசாவின் புல்வெளியில் பனி இன்னும் காயவில்லை. மந்திரி ஆறு முறை நின்று காட்டினான். ஆறு கவுதாரி காலடியிலிருந்து எழும்பின. பன்னிரண்டு தோட்டா சுட்டேன். ஆறு கவுதாரியும் அக்கம்பக்கத்தில் எங்கோ இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கின்றன. மூன்றாவது கவுதாரிக்கு அப்புறம் மந்திரி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான், வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட வாத்தியாரை முதல் பெஞ்சுப் பிள்ளை பார்க்கிற பார்வை. ஆறாவதுக்கு அப்புறம் நேராக உன்னிடம் வந்து, துப்பாக்கியே இல்லாத உன் காலடியில் உட்கார்ந்துகொண்டான். நீ அவன் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து, "பரவால்ல, சாப்பிட்டுட்டுப் பேசுவோம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய்.

நீ சொல்லும் வரை நான் எங்கே பொறுத்தேன். மிர்த்தா ரவியோலி பரிமாறிக்கொண்டிருந்தாள். லரோசா எதிரே உட்கார்ந்து, "ஆறும் தப்பிச்சுதா? என் புல்வெளிக் கவுதாரிங்களுக்கு இன்னிக்குத் தொழிலாளர் தின விடுமுறை போல" என்றார். அவர் சிரித்தார், மிர்த்தா சிரித்தாள், நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "ஒலெகாரியோ, பெர்னபே உனக்கு எவ்வளவு கொடுத்தான்? குழலுக்கு இவ்வளவுன்னு பேசினீங்களா, இல்ல ரெண்டு குழலுக்கும் சேர்த்தா?"

நீ வாய் துடைக்கும் துணியை மடித்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "ரவியோலி நல்லா இருக்கு, தங்கச்சி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். தொப்பியைப் போட்டுக்கொண்டு தடியை ஊன்றி நடந்துபோனாய். மந்திரி வாசல் வரை வந்து நின்றுவிட்டான். எங்கள் இருவரில் வாசலைத் தாண்ட நினைத்தவன் அவன் ஒருவன்தான். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஆறிப்போன ரவியோலியை முழுவதும் தின்றேன்.

அன்றையிலிருந்து உன் போன் இல்லை. நான் செய்த இரண்டு போனை உன் மகள் எடுத்து, "அப்பா நடக்கப் போயிருக்காங்க" என்றாள், இரண்டு முறையும் மழை நாள். மிர்த்தா என்னிடம் உப்பு, கதவு, விளக்கு என்று ஒற்றை வார்த்தைகளில் பேசுகிறாள். ஒரே ஒரு முறை முழு வாக்கியம் பேசினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீ கூடத்தைக் கட்டினவனையே திருடன்னுட்ட" என்றாள்.

நானோ அப்போதும் துப்பாக்கியை விடவில்லை. ஜூன் மாதம் ரம்பத்தை எடுத்தேன். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்து, கட்டை மூன்று சென்டிமீட்டர் அதிக நீளம் என்று நிரூபித்து, அறுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு முதல் வெடியிலேயே என் கட்டைவிரல் என் மூக்கை வந்து குத்தியது. ரத்தம் ஒழுக, மறுபடி அளந்து, நீளம் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று மறுபடி நிரூபித்தேன். அறுத்த துண்டை ஒட்டினால் நிற்கவில்லை, ஆகவே மிர்த்தாவின் மழைக்கால பூட்ஸ் ஒன்றின் அடியை வெட்டி ஆணியடித்தேன். அவள் கால் நனைந்தபடி சந்தைக்குப் போய் வந்த அன்றிலிருந்து உப்பு என்ற வார்த்தையும் நின்றுவிட்டது.

போன வாரத்துக்கு முந்தின வாரம். சுல்மா கடை வாசலில் என் சைக்கிள் டியூபை ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாத்தியாரே, ரெண்டு கையையும் நீட்டுங்க. கை ரெண்டும் சேர்ற இடத்துல சின்னதா ஒரு ஓட்டை விடுங்க. அது வழியா அதோ அந்தத் தண்ணித்தொட்டியைப் பாருங்க. ரெண்டு கண்ணையும் மூடாதீங்க. தெரியுதா?"

"தெரியுது."

"பாத்துக்கிட்டே கையை மூஞ்சிகிட்ட கொண்டாங்க."

கொண்டுவந்தேன். ஓட்டை என் இடது கண்ணின் மேல் வந்து நின்றது. மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் இடது. மூன்றாம் முறை நான் வேண்டுமென்றே வலது பக்கம் இழுத்தேன், தண்ணீர்த்தொட்டி மறைந்துபோனது.

"ரெண்டு கண்ணுல உங்களுக்கு எஜமான் இடது கண்ணு. துப்பாக்கியோ வலது தோள்ல. பத்து மாசமா குழல் ஒரு பக்கம் பாக்குது, நீங்க ஒரு பக்கம் பாக்கறீங்க. உங்க கவுதாரியை விட்டுட்டு, அதுக்குப் பக்கத்துல இல்லவே இல்லாத ஒரு கவுதாரியைச் சுட்டுக்கிட்டு இருந்தீங்க."

ஒலெகாரியோ, இரண்டு இடத்திலிருந்து ஒரு பொருளைப் பார்த்தால் அது இடம் மாறித் தெரியும் என்பதைக் கரும்பலகையில் முப்பத்துநான்கு வருஷம் வரைந்து காட்டியவன் நான். பரீட்சையில் கட்டாயக் கேள்வி.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சுல்மா."

"நீங்க எங்க கேட்டீங்க? துப்பாக்கியைத்தான் திட்டிக்கிட்டு இருந்தீங்க. சரி, இனிமே மறைக்கறதுல அர்த்தமில்ல. இது நான் கண்டுபிடிச்சதில்ல. உங்க மச்சான் சொன்னது. மே ஒண்ணாந்தேதி மதியம் இங்கதான் உக்காந்திருந்தார், அந்த டயர் மேல. பஸ் வர மூணு மணி நேரம் இருந்துச்சு. 'சுடும்போது அவன் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்கறான், கண்ணுதான் காரணம். சாப்பிட்டுட்டு தனியா சொல்லலாம்னு நெனச்சேன், லரோசா முன்னாடி சொன்னா கூச்சப்படுவான். நீ ஒரு நாள் பாத்துச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத'ன்னார். அவர் சாப்பிடலைன்னு பாத்தா தெரிஞ்சுது. ரெண்டு பொரிச்ச ரொட்டி கொடுத்தேன், சூடா மாத்தே டீ போட்டுக் கொடுத்தேன்."

நான் அந்த டயரைப் பார்த்தேன். லாரி டயர். சரிந்து கிடந்தது. அறுவை செய்த முழங்காலோடு மனிதன் உட்காரக்கூடிய உயரம் அல்ல. என் வீடு அங்கிருந்து நாலு தெரு. அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணியை நான் ரவியோலிக்கும், மீதியைத் தூக்கத்துக்கும் செலவழித்தேன்.

சுல்மா என் கண்ணாடியைக் கழற்றி, இடது பக்கத்தில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒரு துண்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஞாயிறு, அறுத்து ஒட்டிய அதே துப்பாக்கியில், பூட்ஸ் அடியோடு, பதினான்கு தட்டு உடைத்தேன். கழகத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். துப்பாக்கியில் ஒரு குற்றமும் இல்லை. பெர்னபேயிடம் இல்லை. நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. பதினான்கு முறை அது நிரூபணமானது.

போன சனிக்கிழமை சுல்மாவோடு லரோசா புல்வெளிக்குப் போனேன். முள்வேலிக்கு இந்தப் பக்கம் மந்திரி நின்று காட்டினான். கவுதாரி எழும்பியது, துப்பாக்கி வெடித்தது, கவுதாரி விழுந்தது. மந்திரி கவ்விக்கொண்டு வந்தான். பத்து மாதத்தில் என் முதல் பறவை. கையில் அது சூடாக இருந்தது. கழகத்தில் சொல்லலாம், லரோசாவிடம் காட்டலாம், ஆனால் எனக்கு அங்கே நின்றபோது சொல்லவேண்டும் என்று தோன்றியது ஒரே ஆளிடம்தான். அந்த ஆளிடம் சொல்கிற தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என்னுடைய அன்றைய வார்த்தைக்கெல்லாம் காரணம் இந்தக் கண்தான் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. கோணலாகப் பார்த்தவன் கோணலாகப் பேசினான். இருந்தாலும் தண்டனை வேண்டும். துப்பாக்கியை பெர்னபே எந்த விலைக்கு எடுத்துக்கொண்டாலும் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை பஸ்ஸில் மந்திரியை உன்னிடம் அனுப்பிவைக்கிறேன், என்னை மாதிரி ஒருவனிடம் அவன் வயதை வீணாக்கக்கூடாது. கூடவே வினிகரில் ஊறப்போட்ட அந்தக் கவுதாரி ஒரு ஜாடி வரும். நீ பதில் எழுதவேண்டாம், வரவும் வேண்டாம். வந்து என் முகத்தைப் பார்க்கிற சிரமத்தை உனக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைக்கு முத்தம். சாமி பூதம் நம்பாத நாம் இருவரும் யாரிடம் யாரை ஒப்படைப்பது என்று தெரியவில்லை, ஆகவே உன் முழங்காலை உன் மருத்துவரிடமே ஒப்படைத்து, வாடைக் காற்றில் கம்பளி சுற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
உன் தங்கை புருஷன்
எலாதியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மிர்த்தா கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இதுல பாதி உண்மை. மீதியையும் எழுது" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எண்பத்திரண்டு நாளில் அவள் பேசிய இரண்டாவது முழு வாக்கியம், ஆகவே எழுதுகிறேன். தட்டு பதினான்கு என்பது நிஜம், கழகத்துப் பலகையில் இருக்கிறது. கவுதாரி விஷயத்தில் துப்பாக்கி வெடித்தது என்றுதான் எழுதினேன், யாருடையது என்று எழுதவில்லை. நானும் சுல்மாவும் ஒரே நேரத்தில் சுட்டோம். சுல்மா "உங்களோடதுதான் வாத்தியாரே" என்றாள். மந்திரி கவ்விக்கொண்டு நேராக அவளிடம் போனான். நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. சூடாக இருந்தது என்றது, அவள் பறவையை என்னிடம் நீட்டிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது.

இன்னொன்று. அன்றைய பேச்சுக்குக் கண்தான் காரணம் என்றேன். இல்லை. பெர்னபேயிடம் நீ ஒரு காசு வாங்கவில்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஆறு பறவையை விட்ட கோபத்தில் இல்லை, நாய் உன் காலடியில் போய் உட்கார்ந்ததே, அந்தக் கோபத்தில் சொன்னேன்.

ஆகவே மேலே எழுதிய முடிவையெல்லாம் அடித்துவிடு. துப்பாக்கியை விற்கவில்லை. மந்திரியை அனுப்பவில்லை. பருவம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீ வா. வந்து எனக்குப் பின்னால் நின்றால் போதும். நான் எப்படியும் தவறவிடுவேன், அதை நீ பார்க்கவேண்டும்.